ராமானுஜன் தவறவிட்ட எண்

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் வாழைப்பழம் டஜன் கணக்கில்தான் விற்கிறது. சீப்பாகவோ எடை போட்டோ வாங்கிப் பழகிய தமிழர்களுக்கு முதலில் இது கொஞ்சம் விநோதம். வியாபாரிக்கோ வெகு சௌகரியம். பன்னிரண்டைப் பாதியாக்கலாம், மூன்று, நான்கு, ஆறு பங்காகவும் பிரிக்கலாம். பத்துப் பழத்தில் கால் பங்கு கேட்டால் கத்தி வேண்டும்.

இந்தச் சௌகரியத்தைத்தான் கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் 63 பக்கங்களுக்கு அலசினார். பன்னிரண்டை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் முந்துபவை 'மிகுபகு எண்கள்'. 24, 36, 48, 60, 360 எல்லாம் இந்த ஜாதி. மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று வைத்தவர்களுக்கும் இது வசதியாகவே இருந்திருக்கும்.

ராமானுஜனின் பட்டியலில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதாவது சுமார் 6.75 லட்சம் கோடி. இரண்டை ஆறு முறை, மூன்றை நான்கு முறை, ஐந்தையும் ஏழையும் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை பெருக்கினால் இது வரும். வகுத்திகளை எண்ணுவது சுலபம். ஒவ்வொரு 'முறை'யோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10080.

பட்டியலில் ஓர் ஓட்டை உண்டு. 293318625600 என்ற எண் விடுபட்டுவிட்டது. அதற்கு 5040 வகுத்திகள். அதைவிடச் சிறிய எதற்கும் அத்தனை இல்லை. வேடிக்கை என்னவென்றால், கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது இதேதான். கடைசி வரியிலேயே ஒளிந்திருந்தது!

நாமகிரித் தாயார் கனவில் வந்து விடை சொன்னார் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இடிக்கலாம். ஆனால் கனவில் வந்த பட்டியலில் வரி நழுவாது. உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டவருக்குத்தான் நழுவும். 1729-ம் டாக்சியும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டன. இந்த 102 வரிகளின் உழைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

சென்னையில் எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் தந்தது இந்தக் கட்டுரைக்காகத்தான். சங்கத்துக்குப் பண நெருக்கடி என்பதால் முழுவதும் அச்சாகவில்லை. எஞ்சிய பகுதி வெளிவர 1997 ஆயிற்று.

1919 மார்ச்சில் நோயாளியாகப் பம்பாயில் வந்து இறங்கியவரை அழைத்துப் போகத் தாயார் கோமளத்தம்மாள் வந்திருந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் சென்னையில் மரணம், வயது 32. அவருடைய நோட்டுப் புத்தகங்களைக் கையெழுத்துப் பிரதியாகவே இரண்டு தொகுதிகளில் 1957-ல் வெளியிட்டது, அதே பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்.