கோதுமையும் குருதி உறவும்

'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. பிள்ளையின் முகச்சாயலும் குரலும் நடையும் பெற்றோரை நினைவூட்டும்போது அதனைச் சொல்லி மகிழ்கிறோம். பிள்ளைக்கு நோய் வரும்போதோ அதே பழமொழி குற்றச்சாட்டாக மாறிவிடுவதுண்டு. "இது உங்கள் வழியில் வந்த நோய்" என்று ஒரு குடும்பத்தார் மற்றொரு குடும்பத்தாரைச் சுட்டுகின்றனர். பெரும்பாலும் தலைகுனிபவள் தாயாகவே இருக்கிறாள். மரபுவழி வரும் நோய் என்பதன் உண்மைப் பொருள் யாது? பெற்றோர் தம் மக்களுக்குத் தருவது நோயையா, வேறொன்றையா? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தரும் நோய் ஒன்று உண்டு. சீலியாக் நோய் என்பது அதன் பெயர்.

உணவே பகையாதல்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. சப்பாத்தி மாவு இழுத்த இழுப்புக்கு வருவது இதனாலேயே. பெரும்பாலோர்க்கு இப்புரதம் தீங்கு செய்வதில்லை. சீலியாக் நோயுற்றோரின் உடலிலுள்ள காவற்படையோ அதனைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது அவர்களது சிறுகுடலின் உட்சுவரே. அங்கே உணவின் சத்தை ஈர்ப்பதற்கென விரல்களைப் போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன.

இதனால் குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கும், வயிற்று உப்புசமும், வளர்ச்சிக் குறைவும் தோன்றுகின்றன. பெரியோருக்குத் தீராத இரத்தசோகையும், களைப்பும், எலும்புத் தேய்வும் வரலாம். வெளிப்படையான அறிகுறி ஏதுமின்றி, உள்ளே மட்டும் சேதம் நிகழ்ந்துகொண்டிருப்பவரும் உளர்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விளக்கி, குணமாகும் வழி ஒன்று உண்டெனில் அது உணவின் வழியே அமையும் என்று கூறினார். எந்த உணவு என்பது அவருக்குப் புலப்படவில்லை. அதனைக் கண்டவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. கோதுமையின்மீது அவருக்கு 1930களிலேயே ஐயம் இருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போரின் கொடுமையால் அந்நாட்டில் ரொட்டி அரிதாகிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது அவ்வையம் வலுப்பெற்றது. 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என அவர் நிறுவினார்.

மரபணு தருவது என்ன?

ஒரே ரொட்டியை உண்ணும் இருவருள் ஒருவர் மட்டும் நோயுறுவது ஏன்? இதற்கான விடையின் முதற்பகுதி மரபணுக்களில் உள்ளது. நம் உயிரணுக்களிலுள்ள ஆறாம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக்களின் தொகுதி ஒன்று இருக்கிறது. உடலுக்குள் வரும் பொருள் நண்பனா பகைவனா எனக் காவற்படைக்குக் காட்டித்தரும் மூலக்கூறுகளை உருவாக்குவன இவையே. இவற்றுள் டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் இரு வகைகள் குளூட்டனின் சிறு துண்டுகளை இறுகப் பற்றிக் காவற்படையின்முன் நிறுத்துகின்றன. சீலியாக் நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவரும் இவ்விரண்டில் ஒன்றையேனும் உடையவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் டி.கியூ.2 உடையவர்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். டி.கியூ.2 மூலக்கூறு இரு பகுதிகள் இணைந்து உருவாவது. சிலர் இரண்டிற்கும் உரிய மரபணுக்களை ஒரே பெற்றோரிடமிருந்து பெறுகின்றனர். வேறு சிலருக்கோ ஒரு பகுதி தந்தைவழியும் மறுபகுதி தாய்வழியும் வந்து சேர்கின்றன. அத்தகைய பிள்ளையின் நோய்க்கு எந்தக் குடும்பத்தைக் குறை கூறுவது?

இதனினும் முதன்மையான உண்மை ஒன்றுண்டு. ஐரோப்பிய மக்களுள் நூற்றுக்கு 30 முதல் 40 பேர் இம்மரபணுக்களைத் தாங்கியிருக்கின்றனர். அவர்களுள் நோய் காண்பவர் நூற்றுக்கு 3 பேர் அளவே. எஞ்சியோர் வாழ்நாள் முழுதும் ரொட்டி உண்டு நலமாகவே வாழ்கின்றனர். ஆக, பெற்றோர் தருவது நோயன்று. நோய் நுழையக்கூடிய ஒரு வாயிலையே. அவ்வாயில் திறப்பதும் திறவாதிருப்பதும் வேறு பலவற்றைப் பொறுத்தவை. எச்.எல்.ஏ. தொகுதிக்கு வெளியே, சிறு சிறு அளவில் துணைசெய்யும் மரபணுப் பகுதிகள் நாற்பதுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. ஒருகரு இரட்டையரிடையேகூட ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாயிருப்பது உண்டு. முற்றிலும் ஒத்த மரபணுக்களும் முடிவான தீர்ப்பை எழுதுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

எல்லையின் இருபுறமும்

பின்லாந்தும் ருசிய நாட்டுக் கரேலியாவும் அடுத்தடுத்த நிலப்பகுதிகள். இருபுறத்துக் குழந்தைகளின் எச்.எல்.ஏ. மரபணுக்களும், அவர்கள் உண்ணும் கோதுமையின் அளவும் ஒத்தவையே. ஆயினும் பின்லாந்தில் 107 பேருக்கு ஒருவர் நோயுற்றிருக்க, கரேலியாவில் 496 பேருக்கு ஒருவரே நோயுற்றிருந்தனர் என 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கண்டது. வாழ்க்கைச் சூழலும், சிறுவயதில் எதிர்ப்படும் கிருமிகளும் இவ்வேற்றுமைக்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

நம் நாடும் இதே பாடத்தை வேறொரு வகையில் கற்பிக்கிறது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய பகுதிகளில் நிகழ்ந்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று பகுதி மக்களிடமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அம்மரபணுக்களை உடையவராகக் காணப்பட்டனர். நோயோ வடக்கே மிகுதியாகவும், தெற்கே மிக அரிதாகவும் இருந்தது. வடக்கே உண்ணும் கோதுமை தெற்கே உண்பதைப்போல் பன்மடங்கு. வாயில் இருந்தும், அரிசிச் சோறுண்ட நம் முன்னோரிடம் அதனைத் தட்டுவார் இல்லை. இன்று நம் இல்லங்களில் சப்பாத்தியும் பரோட்டாவும் ரொட்டியும் பெருகியிருப்பதால், இந்நோயைப் பற்றி நாமும் அறிந்திருத்தல் நலம்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

ஒருவருக்கு இந்நோய் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பொதுமக்களிடையே நூற்றுக்கு ஒருவரளவில் காணப்படும் இந்நோய், இத்தகைய நெருங்கிய உறவினரிடையே நூற்றுக்கு 7 அல்லது 8 பேரிடம் காணப்படுகிறது. முதல்வகை நீரிழிவு, தைராய்டு நோய், டவுன் நோய்க்குறி ஆகியவற்றை உடையோரிடமும் இது மிகுதி.

முதற்படி எளிய இரத்தப் பரிசோதனையே. தேவையாயின் சிறுகுடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பர். சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தலாகாது; நிறுத்தினால் உண்மை மறைந்துவிடும். மரபணுச் சோதனையால் இந்நோய் உண்டென்று சொல்ல இயலாது. அம்மரபணுக்கள் இல்லையெனில் நோய்க்கு இடமில்லை என்று பெரும்பாலும் உறுதி கூறலாம்.

மருந்து உணவே. வாழ்நாள் முழுதும் குளூட்டனை அறவே விலக்கினால் பெரும்பாலோர்க்குக் குடல் மீண்டும் தேறும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு யாவும் கோதுமை மாவு கலவாதிருப்பின் தீங்கற்றவை. கோதுமை ரவை, சேமியா, மைதா, பார்லிக் கஞ்சி, மால்ட் கலந்த பானங்கள் ஆகா. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு என்பதை இல்லத்தரசியர் நினைவிற் கொள்க.

நற்கருணை பெறுவோர்க்கும் ஒரு வார்த்தை. குளூட்டன் முற்றிலும் அகற்றப்பட்ட அப்பமும், அரிசியால் ஆன அப்பமும் திருப்பலிக்கு ஏற்றவையல்ல. குறைந்த அளவு குளூட்டன் உள்ள கோதுமை அப்பம் ஏற்புடையது என 2003ஆம் ஆண்டில் திருச்சபை அறிவித்து, 2017இல் மீண்டும் வலியுறுத்தியது. அதனையும் உட்கொள்ள இயலாதோர் இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். அப்பத் துணுக்கு இடப்படாத தனிக் கிண்ணம் அவர்களுக்குத் தேவை. இதனைத் தயங்காது முன்னதாகவே பங்குத்தந்தையிடம் தெரிவித்தல் நன்று.

அன்பர்களே, பிள்ளைக்கு இந்நோய் எனத் தெரியவரும் நாளில் "யார் வழியில் வந்தது?" என்னும் வினாவால் எவரும் நலமடைவதில்லை. "வேறு யாருக்கேனும் இருக்குமோ?" என்னும் வினாவோ, அறிகுறியின்றித் தேய்ந்துகொண்டிருக்கும் தங்கையையோ, இரத்தசோகைக்குக் காரணம் அறியாது தவிக்கும் தாயையோ உரிய காலத்தில் காப்பாற்றும். நம் இல்லங்களில் இந்த இரண்டாம் வினாவே எழுவதாக.