துணிக்கும் மலருக்கும் ஒரே பெயர்

திருமண வீட்டு வாயிலில் விருந்தினர் மீது பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் வழங்கி வரவேற்பது நம் நாட்டு வழக்கம். அப்பன்னீர் எம்மலரிலிருந்து இறக்கப்பட்டது என்று கேட்டால், ரோஜா என்று எவரும் விடை கூறுவர். ஆனால் ரோஜாவில் இனங்கள் பல. உலகெங்கும் பன்னீருக்கும் அத்தருக்கும் மிகுதியாகப் பயன்படும் இனத்திற்கு ஆங்கிலத்தில் 'டமாஸ்க் ரோஜா' என்று பெயர். இனி வேறொரு பொருளைப் பார்ப்போம். பெரிய உணவு விடுதிகளில் மேசைமீது விரிக்கும் வெண்ணிறத் துணியில், வேறு நிற நூல் ஒன்றும் சேராமலே பூவும் கொடியும் மின்னுவதைச் சிலர் கண்டிருக்கலாம். அத்துணிக்கும் 'டமாஸ்க்' என்றே பெயர்.

நறுமலருக்கும் மெல்லிய துணிக்கும் ஒரே பெயர் வாய்த்தது எவ்வாறு? இது புலவர்க்குரிய ஆராய்ச்சி, நமக்கு இதனால் ஆவதென்ன என்று விவசாய அன்பர்கள் இதனை ஒதுக்கிவிட வேண்டா. ஓர் ஊரின் பெயரைத் தாங்கி விற்கும் பொருளினால் அவ்வூரார்க்கு என்ன கிடைக்கிறது என்னும் கேள்வி இச்சொல்லின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. மல்லிகையும் பட்டும் விளையும் நாட்டில் வாழும் நாம் இக்கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பெயர் கொடுத்த ஊர் சிரியா நாட்டின் தலைநகரமாகிய டமாஸ்கஸ். தமிழ் விவிலியத்தில் இது 'தமஸ்கு' என்று வழங்குகிறது. அரபு மக்கள் 'திமஷ்க்' என்பர். பாலைவனத்தின் ஓரத்தில், பரதா என்னும் சிற்றாறு பாயும் சோலையில் அமைந்த பழம்பெரும் நகரம் இது. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த ஒட்டக வணிகக் கூட்டங்கள் இங்கே சரக்கு இறக்கின. மேற்கே மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்கு இங்கிருந்து புறப்பட்டது. தானும் நெய்தது, வடித்தது, வார்த்தது. பிறர் செய்ததையும் வாங்கி விற்றது. வாங்கியவர்க்கோ இவ்வேறுபாடு தெரியாது. தமஸ்குக் கடைவீதியில் கிடைத்த சிறந்த பொருள் எதுவும் அவர்களுக்குத் 'தமஸ்குப் பொருள்' ஆயிற்று.

முதலில் துணியை எடுத்துக் கொள்வோம். டமாஸ்க் நெசவின் நுட்பம் நம் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். சாதாரண நெசவில் ஊடை நூல் பாவின் ஓரிழைக்கு மேலும் மற்றோரிழைக்குக் கீழுமாகச் செல்கிறது. டமாஸ்க் துணியிலோ ஓரிழை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இழைகளைத் தாண்டி மிதந்து, பிறகே ஓரிழையின் கீழ் இறங்குகிறது. துணியின் தரைப்பகுதியில் பாவு நூல் மிதக்குமாறும், பூ வரும் இடத்தில் ஊடை நூல் மிதக்குமாறும் நெய்வர். பாவு நெடுக்கிலும் ஊடை குறுக்கிலும் கிடப்பதால், இரண்டின் மீதும் ஒளி ஒரே விதமாகப் படுவதில்லை. ஆகவே நிறம் ஒன்றேயாயினும் பூ தனித்துத் தெரிகிறது. துணியைத் திருப்பிப் போட்டால் பூ மங்கித் தரை மின்னும். இரு பக்கமும் பயன்படும். இதில் சாயமும் இல்லை, சரிகையும் இல்லை. உள்ளது கணக்கு ஒன்றே.

இவ்விதம் ஒரே நிறத்தில் பூவேலை நெய்யும் கலை சீன நாட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பட்டில் வளர்ந்திருந்தது. அங்கிருந்து மேற்கே பரவி, மேற்காசிய நகரங்களிலும் வேரூன்றியது. அந்நகரங்களின் பட்டு ஐரோப்பியர் கைக்கு எட்டிய காலத்தில், விற்ற ஊரின் பெயரே துணிக்கும் ஏற்பட்டது. இலத்தீனில் 'டமாஸ்கஸ்', பிரெஞ்சில் 'டமா', இத்தாலிய மொழியில் 'டமாஸ்கோ', ஆங்கிலத்தில் 'டமாஸ்க்' எனச் சொல் வழங்கலாயிற்று.

அடுத்து நேர்ந்ததை உற்று நோக்க வேண்டும். லூக்கா, வெனிஸ், ஜெனோவா முதலிய இத்தாலிய நகரங்கள் இத்துணியைத் தாமே நெய்யக் கற்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த கோர்ட்ரெய்க் நகரத்தார் பட்டுக்குப் பதிலாக ஆளிநாரில் நெய்து மேசை விரிப்புகளாக விற்றனர். பின்னர் ஸ்காட்லாந்தின் டன்பர்ம்லினும் வட அயர்லாந்தின் ஊர்களும் அவ்வணிகத்தைக் கைக்கொண்டன. தறியின்மேல் ஓர் ஆள் அமர்ந்து கயிறுகளை இழுத்துப் பூ எடுத்த வேலையை, 1804-ல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளைக் கொண்டு செய்வித்தார். நம் காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலும் அவர் பெயரால் அமைந்த பெட்டியைக் காண்கிறோம். இவ்வளவு மாறுதலுக்குப் பின்னும் துணியின் பெயர் மாறவில்லை. ஆயின் அப்பெயர் நெய்த ஊரைக் குறிப்பதை விட்டு, நெய்யும் முறையைக் குறிக்கலாயிற்று. தமஸ்கு கடையில் இல்லாமலே தமஸ்கு விற்பனையாயிற்று!

இத்துடன் அந்நகரத்திற்கு நேர்ந்த பெருந்துன்பம் ஒன்றையும் கூறவேண்டும். 1401-ல் தைமூர் தமஸ்குவைச் சூறையாடி, அங்கிருந்த கைவினைஞர் பலரைத் தன் தலைநகரமாகிய சமர்கந்துக்குக் கொண்டு சென்றான். பெயர் மேற்கே போயிற்று. கைகள் கிழக்கே போயின.

இனி மலரின் கதை. டமாஸ்க் ரோஜா ஒற்றை நிறப் பகட்டு உடையதன்று. வெளிர் சிவப்பான, பல இதழ்களைக் கொண்ட சிறு மலர். குளவி போல் கொட்டும் முள் நிறைந்த புதர். மணமே அதன் செல்வம். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை, வசந்த காலத்தில் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். வெயில் ஏறினால் இதழிலுள்ள எண்ணெய் ஆவியாகிக் குறைந்துவிடும். ஆதலால் விடியற்காலையிலேயே பறித்து, அன்றே கொப்பரையில் இட்டு நீருடன் காய்ச்சி ஆவியைக் குளிர்விக்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ வரை மலர் தேவைப்படுகிறது. அத்தர் ஏன் பொன் விலை விற்கிறது என்பது இதனால் விளங்கும்.

இம்மலருக்குத் தமஸ்குவின் பெயரை இட்டவர் ஐரோப்பியர். சிலுவைப் போருக்குச் சென்ற வீரர்கள் செடியைக் கொண்டு வந்தனர் என்று அங்கே செவிவழிக் கதை உண்டு. இங்கிலாந்தில் இதனைப் புகுத்தியவர் மன்னர் எட்டாம் ஹென்றியின் மருத்துவரான லினாக்கர் என்று ஹாக்லூட் என்னும் ஆசிரியர் 1582-ல் குறித்துள்ளார். ஆங்கிலேயர் சிவந்த கன்னத்தையும் பின்னர் இம்மலரின் பெயராலேயே வருணித்தனர்.

அரபு நாடுகளில் இதற்குத் 'தமஸ்கு மலர்' என்னும் பொருளில் 'ஷாமி' என்னும் பெயர் உண்டு. ஆனால் அதே மலரை 'ஜூரி' என்றும் பரவலாக வழங்குவர். ஜூர் என்பது தமஸ்குவிலிருந்து நெடுந்தொலைவில், பாரசீக நாட்டிலுள்ள ஓர் ஊர். 10-ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியல் ஆசிரியர்கள் அவ்வூர்ப் பன்னீரின் சிறப்பைக் கூறியிருக்கின்றனர். 'கோர்' என்னும் அவ்வூர்ப் பெயருக்குப் பாரசீக மொழியில் கல்லறை என்னும் பொருளும் உண்டு. அது அமங்கலமென்று கருதிய அரசர் ஒருவர் ஊரின் பெயரையே பிரூசாபாத் என்று மாற்றிவிட்டார். ஊர் பழைய பெயரை இழந்தது. மலர் இன்றும் அதனைச் சுமக்கிறது. பாரசீகரோ இம்மலரை நபிகள் நாயகத்தின் பெயரால் 'முகம்மதி மலர்' என்பர். ஆக, ஒரே செடியை ஒருவர் தமஸ்குவுக்கும், ஒருவர் ஜூருக்கும் உரியதாக்கினர்.

செடியின் பிறப்பிடம் உண்மையில் எது? ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, டமாஸ்க் ரோஜா மூன்று இனங்கள் கலந்து தோன்றியது. அவற்றுள் ஒன்றான பெட்செங்கோவானா என்பது மத்திய ஆசிய மலைப்பகுதிகளுக்குரியது. எனவே செடி தமஸ்குவில் தோன்றியது என்பதற்கு இடமில்லை. கிழக்கே எங்கோ ஒரு தோட்டத்தில் இக்கலப்பை முதலில் கண்டு, தண்டு வெட்டி நட்டுக் காத்த விவசாயி ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவருடைய ஊரின் பெயர் எச்சொல்லிலும் இல்லை.

எனினும் தமஸ்குவுக்கு இம்மலரில் பங்கில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1327-ல் மறைந்த அல் திமஷ்கி என்னும் ஆசிரியர், நகருக்கு அருகிலிருந்த மிஸ்ஸா என்னும் ஊரில் பன்னீர் இறக்கப்பட்டதையும், அது இந்தியா, சீனா வரை சென்றதையும் எழுதி வைத்துள்ளார். பாரசீக மொழியில் 'குல்' என்பது மலர். 'ஆப்' என்பது நீர். இரண்டும் சேர்ந்த 'குலாப்' பன்னீரைக் குறித்துப் பின்னர் வட இந்தியாவில் மலருக்கே பெயராயிற்று. நாமோ 'பனிநீர்' என்பதைப் பன்னீராக்கினோம். நீரின் பெயரை மலருக்கு ஏற்றிப் 'பன்னீர் ரோஜா' என்கிறோம்.

நம் பூச்சந்தைகளில் அப்பெயரால் விற்பவை எல்லாம் ஒரே இனம் அல்ல. மாலைக்காக நம் விவசாயிகள் நெடுநாளாகப் பயிரிடும் எட்வர்டு ரோஜா பூர்போன் வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்துமாக்கடலிலுள்ள ரெயூனியன் தீவில், டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து உண்டானது. அத்தீவின் அன்றைய பெயர் பூர்போன். தமஸ்கு மலரின் வழித்தோன்றல் நம் தோட்டத்திலும் இருக்கிறது எனலாம்.

தமஸ்குவின் பெயரால் நாம் இழந்ததும் ஒன்றுண்டு. தமஸ்கு வாள் என்று உலகம் புகழ்ந்த வாள்களுக்கு வேண்டிய உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றன. உலைக்களத்தில் வெந்தவர் நம்மவர். பெயர் பெற்றது வாள் விற்ற நகரம்.

இக்காலத்தில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1999-ல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊருக்குரிய பொருளின் பெயரை வேறிடத்தார் தம் சரக்குக்கு இட்டு விற்பதை இது தடுக்கிறது. பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. இச்சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய விதி யாதெனில், பொதுப்பெயராக மாறிவிட்ட சொல்லைப் பதிவு செய்ய இயலாது என்பதே. டமாஸ்க் என்னும் துணியின் பெயர் அத்தகையது. இன்று தமஸ்கு நெசவாளர் சென்று, இப்பெயர் எங்களுடையது என்று கேட்டாலும் கிடைக்காது. அவர்கள் சில நூற்றாண்டு காலம் தாழ்த்திவிட்டார்கள்.

மலரின் நிலை சற்று வேறு. டமாஸ்க் ரோஜாவைப் பெருமளவில் பயிரிடும் பல்கேரிய நாட்டார், தமஸ்குவின் பெயரை நாடாமல், 'பல்கேரிய ரோஜா எண்ணெய்' என்று தம் நாட்டுப் பெயரையே 2014-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்து கொண்டனர். தமஸ்குவுக்கு வடக்கே அல் மரா என்னும் கிராமத்தில் குடும்பத்தோடு விடியலில் மலர் பறித்து, பன்னீரும் பாகும் செய்து வாழும் மக்கள் இருக்கின்றனர். 2011-ல் தொடங்கிய போரும் வறட்சியும் அவர்களைப் பெரிதும் வருத்தின. அக்கிராமத்தின் மலர்த் தொழிலை யுனெஸ்கோ நிறுவனம் 2019-ல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இது பெருமை தரும். ஆயினும் பெயரின் மேல் உரிமை தருவதன்று.

நம் பக்கத்தில், மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டு அதற்கும் முன்பே பெற்றுவிட்டது. பெயர் பதிவானதோடு வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற, ஒவ்வொரு விவசாயியும் நெசவாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தம் பெயரைத் தனியே பதிவு செய்து கொள்ள வேண்டும். குறியீட்டின் பதிவும் 10 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். புதிய பொருள் ஒன்றுக்குக் குறியீடு கோருவதானால், உற்பத்தியாளர் சங்கம் விண்ணப்பிக்கலாம். பொருளுக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு, மண்ணும் நீரும் தரும் சிறப்பு, பழைய ஆதாரங்கள், பொருள் விளையும் எல்லையைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றை உடன் வைக்க வேண்டும். இவற்றுள் பழைய ஆதாரங்களைத் தேடுவதே கடினம். ஊரிலுள்ள பழைய கணக்குகள், பத்திரங்கள், சந்தைச் சீட்டுகள் ஆகியவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இப்பொழுதே திரட்டி வைப்பது நன்று. முதியோர் கைப்பெட்டிகளில் இத்தகைய தாள்கள் இன்னும் கிடைக்கின்றன.