மேலிருந்து தெரியும் இழைக்குறை

விசைத்தறியின் ஓசை ஓயாத வெண்ணந்தூர்த் தெருக்களில், தறியருகே குனிந்து நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அகப்படாத இழைக்குறை, அதே துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்துவிடும் என்பதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கால்பந்துப் பயிற்சிக்கும் அப்படியொரு தூரத்துப் பார்வை அவசியமாகிறது. நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ‘ஹெலிகேம்’ என்று வழங்கும் சிறு பறக்கும் கேமரா, அதாவது ட்ரோன், அந்தப் பார்வையை இப்போது சிற்றூர் மைதானத்துக்கும் கொண்டுவந்து தரக்கூடிய சாதனமாகியிருக்கிறது.

கோட்டோரத்தில் விசிலோடு நிற்கும் கோச்சுக்குத் தெரிவது பந்தும், அதைச் சுற்றிய கால்களும், அவை கிளப்பும் புழுதியுமே. பந்து வலப்புறம் போகும்போது இடப்புறத்துத் தடுப்பாட்டக்காரன் ஆசையோடு முன்னேறிவிட, அவன் விட்டுவந்த இடத்தை நிரப்ப எவரும் வராமல் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு வாசல் திறந்து கிடப்பது அவர் கண்ணில் படுவதில்லை. படும்போது கோல் விழுந்திருக்கும். உயரத்திலிருந்து எடுத்த படத்திலோ அந்த வாசல் திறக்கத் தொடங்கும் கணமே துல்லியமாகத் தெரிகிறது. “எத்தனை தடவைடா சொல்றது” என்று கோச் தொண்டை வற்றக் கத்துவதைவிட, படத்தை அங்கே நிறுத்திப் பையனிடமே காட்டுவதில் பிரயோஜனம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழு மைதானத்தையும் நேர் மேலிருந்து ஒரே சட்டத்துக்குள் அடக்க வேண்டுமானால், சாதாரண அகலக் கோணக் கேமரா சுமார் 80 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். அத்தனை உயரத்தில் பையன்கள் எறும்புகளாகிவிடுவார்கள். ஆகையால் கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆடுகளத்துக்கு வெளியே, 25 அல்லது 30 மீட்டர் உயரத்தில் நிறுத்திக் கேமராவைச் சாய்த்து வைப்பதே உத்தமம். கோளாறாகி விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. ஒரு பேட்டரி ஏறத்தாழ அரைமணி நேரமே தாங்குமென்பதால் ஓட்டமும் உடற்பயிற்சியும் முடிந்து, இரு அணியாகப் பிரிந்து ஆடும் வேளைக்கு அதைச் சேமித்து வைக்க வேண்டும். ஆடிக் காற்று வீசும் நாளில் எடுக்காமலிருப்பதே நல்லது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்படாத ‘நானோ’ வகைக்கும், வியாபார நோக்கமின்றிப் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான ‘மைக்ரோ’ வகைக்கும் ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. கல்யாண வீடியோக்காரரைக் கூலிக்கு அழைத்தால் அது வியாபாரமாகிவிடும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிவரை பறக்கலாம். நம் ஊருக்குக் காமலாபுரம் விமான நிலையம் வெகுதூரம்தான் என்றாலும், மண்டலங்களைக் காட்டும் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். ஆடுபவர்கள் சிறுவர் சிறுமியரானால் பெற்றோரின் சம்மதம் இன்றிப் படமெடுப்பது முறையன்று.

இதே சாதனம் எவ்வளவு அனர்த்தம் விளைவிக்கும் என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகம் கண்டது. செயின்ட் எத்தியென் நகரில் நியூசிலாந்துப் பெண்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே வட்டமிட்ட ட்ரோன், முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடா அணியைச் சேர்ந்தவர் இயக்கியது என்று தெரியவந்ததும், தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மனும் வேறு இருவரும் ஓராண்டு தடை செய்யப்பட்டார்கள். அணிக்கு 2 லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதமும் 6 புள்ளிக் குறைப்பும் விதிக்கப்பட்டன. லீக் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் வென்று 9 புள்ளி ஈட்டிய அந்தப் பெண்களுக்கு மூன்றே மிஞ்சியது. அதோடு காலிறுதிவரை போய், ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றுத் திரும்பினார்கள். ட்ரோனை ஏவாத அவர்கள் தலையில் அந்தப் பழி விழுந்ததை எண்ணினால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் ஹொஃபென்ஹைம் அணியின் பயிற்சியை வேர்டர் பிரேமன் கழகம் இவ்வாறே படமெடுத்து, பின்னர் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஊர் அணியின் மைதானத்துக்கு மேலே நம் ட்ரோன் போக வேண்டிய காரியம் எதுவுமில்லை. நம் பையன்கள் இருட்டியபின் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து, தத்தம் உருவத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்து முடித்ததும், கோச் படத்தை நிறுத்தி, “இந்த எடத்துல யார் நின்னுருக்கணும்?” என்று கேட்கிறார், எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்குகிறான், இடப்புறத்தில் ஆடிய பையன்.