பீ நிறுவனத்தின் மூன்றாவது திருப்பம்

2000 ஜனவரியில் கலிபோர்னியாவின் பீ நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி முழுக் கவனமும் இணையச் சாதனங்கள் மீதுதான். மேசைக் கணினிக்கான பீஓஎஸ் இயங்குதளத்தின் ஒரு பதிப்பை இலவசமாகவே கொடுத்துவிடப் போகிறோம் என்றது. அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பீஓஎஸ்ஸை நம்பி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி அது.

அவர்களுடைய சந்தேகம் நியாயமானது என்பதே என் கட்சி. பீ அதற்கு முன்பும் இருமுறை திரும்பியிருந்தது. ஆப்பிளிலிருந்து விலகிய ழான் லூயி கஸே 1990-இல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் கணினியே செய்தார்கள். 1995-இல் வந்த பீபாக்ஸுக்குள் இரண்டு செயலிகள். முகப்பில் இரு வரிசை விளக்குகள், எந்தச் செயலி எவ்வளவு உழைக்கிறது என்று ஏறி இறங்கிக் காட்டும். பல வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டாலும் திரை திக்காது. அந்தக் காலத்தில் கண்ணை விரிய வைத்த காட்சி.

பெட்டி விற்கவில்லை. 1997-இல் அதைக் கைவிட்டு, மேக் கணினிகளுக்கு பீஓஎஸ்ஸைத் தந்தார்கள். பீயை வாங்குவதாகப் பேசிய ஆப்பிள், 1996 டிசம்பரிலேயே நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. புதிய மேக்குகளின் நுட்ப விவரங்களும் கிடைக்காமல் போகவே, 1998-இல் இன்டெல் பக்கம் வந்தார்கள். இவ்விரண்டிலும் நான் குறை காணமாட்டேன். பெட்டிதான் மாறியது, சரக்கு மாறவில்லை.

மூன்றாவது திருப்பம் அப்படியல்ல. அவர்களை அதற்குத் தள்ளிய நெருக்கடி உண்மைதான். ஹிட்டாச்சி ஒரு கணினியில் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் நிறுவி விற்றது. ஆனால் கணினியைப் போட்டால் பீஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலே திரையில் வராது. அந்தக் கதவு சாத்தியிருந்தது சரி, திரும்பிய பக்கத்தில் என்ன இருந்தது? இணையச் சாதனத்துக்கு வேண்டியது நல்ல உலாவி. பீயின் பலமோ வீடியோவிலும் ஒலியிலும். அதன் சொந்த உலாவியில் ஜாவாஸ்கிரிப்டே ஓடாது. ஓப்பராவிடம் உலாவியை வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. பத்தாண்டு உழைத்துச் சேர்த்த திறமையைக் கேட்காத சந்தைக்கு ஏன் போக வேண்டும்?

2001 ஜூனில் பீயின் மென்பொருளோடு சோனியின் ஈவில்லா என்ற இணையச் சாதனம் வந்தது. விலை 499 டாலர், மாதச் சந்தா 21.95 டாலர். மின்னஞ்சலும் இணையமும் தவிர அதிகம் எதுவும் செய்யாத கருவிக்கு இந்த விலை. மூன்றே மாதத்தில் சோனி அதை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது.

இதற்கிடையே, பீஓஎஸ்ஸுக்கென்றே அலுவலக மென்பொருள் எழுதிய கோபீ என்ற சிறு நிறுவனம் விண்டோஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பியவர்களைத் தனியே விட்டவர்கள் வேறு ஆட்கள்.

2001 ஆகஸ்டில் பாம் நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு பீயின் தொழில்நுட்பத்தை வாங்க ஒப்புக்கொண்டது. பீ பின்னர் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. கணினி தயாரிப்பாளர்களை ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டு பீஓஎஸ்ஸுக்கு வழியடைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2003-இல் சமரசமானது, தவற்றை ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசாஃப்ட் தந்த தொகை, வழக்கறிஞர் செலவு போக, 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர். தொழில்நுட்பத்தை விற்றுக் கிடைத்ததைவிட இரு மடங்கு.

பாம் பீஓஎஸ்ஸைத் தொடரவில்லை. கைவிடப்பட்ட பயனர்களும் நிரலாளர்களும் அதே 2001-இல் அதை முதல் வரியிலிருந்து புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். ஹைக்கு என்று பெயர் பெற்ற அந்த இயங்குதளத்தின் முதல் பீட்டா 2018-இல் வெளிவந்தது.