இரண்டு சிவப்புகள்: ஆர்மீனியச் சீலையும் இம்பூறல் வேரும்

ஆர்மீனிய ஸ்கார்ஃப் என்று இன்று விற்பனைக்கு வரும் பட்டுத் துணிகளில் சில சித்திரங்கள் திரும்பத் திரும்ப இடம்பெறும். முதலாவது பறவை எழுத்து. கொக்கும் மயிலும் கழுத்தை வளைத்து, ஒன்றன் அலகை மற்றொன்று கவ்வி, ஓர் எழுத்தின் வடிவில் நிற்கும். பழைய ஆர்மீனிய ஏடுகளை எழுதிய துறவிகள் அத்தியாயத் தலைப்புகளை இப்படித்தான் அலங்கரித்தார்கள். இரண்டாவது கச்கார் எனப்படும் சிலுவைக்கல். பின்னல் கோலத்துக்கு நடுவே சிலுவை செதுக்கிய இந்தக் கற்களின் கலையை யுனெஸ்கோ 2010இல் மரபுச் செல்வமாக அறிவித்தது. மூன்றாவது, நற்செய்தி ஏடுகளின் முன்பக்கங்களில் வரும் தூண்களும் வளைவுகளும், அவற்றின் மேல் அமர்ந்த பறவைகளும், ஓரத்தில் மாதுளை மரங்களும். 13ஆம் நூற்றாண்டில் சிலிசியாவில் வாழ்ந்த தோரோஸ் ரோஸ்லின் இத்தகைய பக்கங்களால் புகழ்பெற்ற ஓவியர். இந்த ஏடுகளின் பெருந்தொகுப்பு யெரெவான் நகரின் மாட்டெனதரன் நூலகத்தில் இருக்கிறது.

ஏட்டுப் பக்கத்தைப் படமெடுத்துக் கணினி வழியாகப் பட்டில் அச்சிடுவது சில ஆண்டுப் பழக்கம்தான். ஆனால் மறைச்சித்திரத்தைத் துணியில் ஏற்றுவது ஆர்மீனியர்களுக்குப் பழைய வேலை. அனத்தோலியாவின் தோக்காத் நகரில் மரக்கட்டை அச்சால் பெண்களின் தலைச்சீலைகள் செய்துவந்த பட்டறைகள் இருந்தன. அதே நகரிலிருந்து தேவாலயத் திரைகளும் அச்சாகி வெளிவந்தன. பெண்கள் கோயிலுக்குள் தலையை மூடிக்கொள்வதும், பீடத்தை ஒரு சீலை மூடுவதும் அந்த மக்களின் வழிபாட்டில் அருகருகே இருப்பவை.

திரையின் பயன் தமிழ் வாசகருக்கு விளக்காமலே புரியும். அலங்காரம் நடக்கும்போது கருவறை முன் திரை போட்டுவிட்டு, தீபாராதனைக்குச் சட்டென்று விலக்குவதைப் போன்றதுதான். ஆர்மீனியத் தேவாலயத்தில் பூசையின் சில கட்டங்களில் பீடத்தின் முன் திரை இழுக்கப்படும். உயிர்த்தெழுதல் பெருநாளுக்கு முந்தைய 40 நாள் நோன்பில் அது மூடியே இருக்கும். அத்தனை நாளும் மக்கள் கண் முன் இருப்பது துணி ஒன்றுதான். ஆகவே அந்தத் துணியிலேயே சிலுவைப்பாடும் புனிதர் வரலாறும் வந்து அமர்ந்தன. கீழ் விளிம்பில் யார் கொடுத்தது, யார் நினைவாக, எந்த ஆண்டு என்று எழுதி வைப்பார்கள். ஆர்மீனிய ஆண்டுக் கணக்கு கி.பி. 552இல் தொடங்குவதால், துணியில் உள்ள எண்ணோடு 551 கூட்டினால் நம் கணக்கு கிடைக்கும்.

இந்தத் திரைகளில் சில சென்னைப்பட்டினத்திலிருந்து போனவை. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் கருவூலத்தில் அவை காக்கப்படுகின்றன.

அவை அங்கே போன வழி நீளமானது. 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்பா நகரத்து ஆர்மீனியர்களை அப்படியே பெயர்த்து இஸ்பகானுக்கு அருகே குடியேற்றினார். புதிய ஜுல்பா என்ற அந்தக் குடியிருப்பிலிருந்து கிளம்பிய வணிகர்கள் சூரத், கல்கத்தா, சென்னை, மணிலா என்று கரைக்குக் கரை கடை விரித்தார்கள். 1688இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டித் தந்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவருமான கோஜா பெத்ருஸ் உஸ்கான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். சென்னை அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் எழுந்த புனித மரியாள் ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை 1794 முதல் 1796 வரை சென்னையில் வெளியிட்ட ஹாருத்யூன் ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

இவர்கள் வாங்கி விற்றவற்றில் சோழமண்டலக் கரையின் கலங்காரித் துணிக்கு முக்கிய இடம் உண்டு. பாரசீகத்திலும் மணிலாவிலும் அதற்குக் கிராக்கி இருந்தது. சொந்தக் கோயிலுக்குத் திரை தேவைப்பட்டபோது, எந்த ஊர்க் கைகள் நன்றாக எழுதும், எந்தச் சாயம் நிற்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே அத்துபடி. தேர்ச்சீலையும் தொம்பையும் எழுதிப் பழகிய ஒரு மரபுக்குத் திரைச்சீலை புதிய வேலையே அல்ல. மாறியது கதையும் எழுத்தும் மட்டும்.

பட்டும் பொன்னிழையும் அறிந்த ஆர்மீனியர் பருத்தித் துணிக்காக ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்? விடை சிவப்பில் இருக்கிறது.

ஆர்மீனியாவுக்குச் சொந்தமாக ஒரு சிவப்பு உண்டு. வோர்தான் கர்மீர் என்று பெயர். அராரத் மலையடிச் சமவெளியின் உவர்நிலத்தில், நாணலும் ஒருவகைக் கரைப்புல்லும் வளரும் இடத்தில், அந்தப் புல்லின் வேரைப் பற்றி மண்ணுக்குள் வாழும் சிறு பூச்சி அது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, விடியலில் சில மணி நேரம் மட்டும் பெண் பூச்சிகள் மண்ணுக்கு மேலே வரும். அப்போது பொறுக்கியெடுத்து உலர்த்தினால் கருஞ்சிவப்புச் சாயம் கிடைக்கும். 9ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் பலாதுரி, அர்தாஷாத் நகரை இந்தச் சாயத்தின் பெயராலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஏட்டுத் தோலில் சிவப்பு மை, பட்டில் சிவப்பு, கம்பளியில் சிவப்பு எல்லாவற்றுக்கும் அது உதவியது.

பருத்திக்கு அது சரிப்படவில்லை. பட்டும் கம்பளியும் விலங்கிலிருந்து வருபவை, புரத இழைகள். படிகாரத்தையும் பூச்சிச் சாயத்தையும் எளிதில் பற்றிக்கொள்ளும். பருத்தி செடியின் நார். சாயம் அதன்மேல் உட்காரும், தண்ணீர் பட்டதும் எழுந்து போய்விடும். பருத்தியில் சிவப்பை நிறுத்தத் தெரிந்தவர்கள் சோழமண்டலக் கரையில் இருந்தார்கள். அவர்களுடைய கருவி ஒரு வேர்.

இம்பூறல், சாயவேர் என்று இரண்டு பெயர்களில் வழங்கும் அந்தச் செடி முழங்கால் உயரம்கூட வளராது. மெல்லிய இலை, பொடி வெள்ளைப் பூ. காபி, வெட்சி, நுணா, மஞ்சிட்டி எல்லாம் அடங்கிய குடும்பம். பொட்டல் மணலில் தானாக முளைக்கும். இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக இராமேஸ்வரம் வரை நீளும் மணற்பரப்பு அதற்கு ஏற்ற நிலம். கடலுக்கு அப்பால் மன்னாரும் யாழ்ப்பாணமும் அதேபோல. அங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் வேர் தோண்டுவதையே அரசுத் தனியுரிமையாக்கி, வேர் குத்தும் மக்களை அந்த வேலையில் கட்டிப்போட்டார்கள். இந்தக் கரையில் சேதுபதிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கீழக்கரையில் துணி வாங்கியதும் அதே டச்சுக் கம்பெனிதான்.

சாயம் வேரின் தோலில் மட்டும் இருக்கிறது. உள்ளே உள்ள நரம்பு வெறும் கட்டை. பயிரிட்ட செடியின் வேர் நீளமாக இருக்கும், ஆனால் மணலில் தானாய் முளைத்த செடியின் குட்டை வேரில்தான் சாயச் சத்து கூடுதல் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ எழுதினார். கடற்சிப்பி நொறுங்கிக் கலந்த மண்ணின் சுண்ணாம்பும் இதற்குக் கைகொடுக்கிறது. வேரின் நிறப்பொருளான அலிசரின், படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பொருளாக இழைக்குள்ளேயே உறைகிறது. சாயம் துணியில் ஒட்டியிருக்கிறது என்பதைவிடத் துணிக்குள் பிறக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

செய்முறையை 1742இல் கேர்து என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதி அனுப்பினார். ஐரோப்பா நெடுநாள் தேடிக்கொண்டிருந்த தொழில் ரகசியம் அது. முதலில் துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு ஊறிப் பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் ஊறவைத்த காடியால் கருப்புக் கோடுகளை எழுதுவார்கள். எங்கெங்கே சிவப்பு வரவேண்டுமோ அங்கே படிகார நீரைப் பூசுவார்கள். அப்போது துணியில் சிவப்பு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்ட கொப்பரையில் கொதிக்க வைத்தால் எல்லா இடமும் சிவந்து வெளியே வரும். அதைச் சாணநீரில் ஊறப்போட்டு, புல்தரையில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் போட, படிகாரம் படாத இடமெல்லாம் நாளடைவில் வெளுத்துவிடும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாக நிற்கும். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். நீலத்தின்மேல் மஞ்சள் பூசினால் பச்சை.

ஆர்மீனிய எழுத்தைத் தமிழ், தெலுங்குக் கைவினைஞர் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. வணிகர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, பொருள் தெரியாமல், கொடியும் இலையும் எழுதுவதுபோல் அந்த எழுத்துகளையும் கோடாகவே வரைந்திருப்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் அமைத்த எழுத்து அது. அதைத் தங்கள் அடையாளமாகவே காக்கும் மக்கள், கோயில் திரையில் அதை எழுதும் பொறுப்பை அந்நியக் கைகளிடம் நம்பி விட்டிருக்கிறார்கள்.

துணியோடு தொழிலும் பயணம் போனது. மார்செய் நகரில் 1672இல் இரண்டு ஆர்மீனியர்கள் பருத்தித் துணியில் சித்திரம் எழுதும் கலையைக் கற்றுத்தர ஒப்பந்தமானார்கள். சில ஆண்டுகளில் நெதர்லாந்திலும் அப்படி ஒரு பட்டறை தோன்றியது. சொந்தப் பட்டு, கம்பளி நெசவு நசிந்துவிடும் என்று அஞ்சிய பிரான்ஸ் 1686இல் சித்திரப் பருத்திக்கே தடை போட்டு, 1759 வரை அதை விடாமல் வைத்திருந்தது. தடையால் ஆசை அடங்கவில்லை.

வேரின் சிவப்பை வீழ்த்தியது வேதியியல். 1868இல் ஜெர்மனியில் கிராபே, லீபர்மன் இருவரும் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டே அது தொழிற்சாலைக்குப் போய்விட்டது. வேர் தோண்டியவர்கள், விற்றவர்கள், மதுரையில் அதை வாங்கிச் சாயமிட்டவர்கள் எல்லாருடைய பிழைப்பும் இதனால் மாறியது. ஆர்மீனியப் பூச்சிக்கு முன்பே வேறு போட்டி வந்திருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த கள்ளிப்பூச்சிச் சாயம் அதை ஓரம் தள்ளியிருந்தது.

இதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. சோவியத் காலத்தில் அராரத் சமவெளியின் உவர்நிலத்தை வடித்து விளைநிலமாக்கியபோது பூச்சியின் இருப்பிடம் சுருங்கியது. அதைப் பார்த்து 1987இல் வோர்தான் கர்மீருக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். யாரும் சாயத்துக்கு வாங்காத ஒரு பூச்சிக்கு இந்த மரியாதை! இம்பூறலுக்கு அப்படி எதுவும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும் கொடுக்கும் சரக்காக அது பெயரளவில் இருக்கிறது. உச்சிப்புளிப் பக்கத்தில் மனை பிரிக்கும் இயந்திரம் இதைக் களையாக வழித்துத் தள்ளினால் தடுக்க ஆளில்லை. பக்கத்துப் பரமக்குடியில் தறி ஓடுகிறது, இந்த மணலில் வேர் கிடக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. கருப்பூர் கலங்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது நல்ல செய்தி. ஆனால் கலங்காரிப் பட்டறைகள் பலவற்றில் இன்று சிவப்பு என்பது கடையில் வாங்கும் அலிசரின் பொடி. ஓவியத்தைக் காப்பது என்றால் சாயத்தையும் சேர்த்துக் காப்பதுதானே? வேரை மறந்த குறியீடு பாதிக் குறியீடு.

ஓவியத்தை மட்டும் பார்த்துத் துணியை மறக்கும் கவனக்குறைவு புதிய ஸ்கார்ஃபுகளிலும் உண்டு. ஏட்டின் முழுப் பக்கத்தையும் எடுத்து அச்சிட்டால், கட்டும்போது புனிதரின் முகம் கழுத்துக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். மலிவான பாலியஸ்டரில் வந்தால் பொன் பூச்சு மஞ்சளாகவும் கருஞ்சிவப்பு ஊதாவாகவும் திரிந்துவிடும். ஏட்டு ஓவியர் பக்க ஓரத்தில் விட்ட பறவை, மாதுளை, கொடி இவற்றை எடுத்துச் செய்தவையே உடுத்தவும் மடிக்கவும் பொருந்துகின்றன.

பராமரிப்பிலும் இழைக்கு இழை வேறுபாடு உண்டு. அச்சிட்ட பட்டைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், முறுக்கிப் பிழியக்கூடாது. பூச்சிச் சாயமிட்ட பழைய பட்டு எலுமிச்சைப் புளிப்பும் சலவைக் காரமும் பட்டால் நிறம் மாறும், ஆகவே வீட்டில் துவைக்காமல் இருப்பதே நல்லது. வேர்ச் சாயமிட்ட பருத்திக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. பூந்திக்கொட்டை நீரில் துவைக்கலாம். முதல் சில சலவைகளில் மேலே தங்கிய சாயம் கழிந்துபோக, இழைக்குள் உறைந்த சிவப்பு அப்படியே நிற்கும்.