மேகத்துக்குள் ஏமாற்றும் காது

2021 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் யூமா நகரிலிருந்து சான் டியேகோவின் மான்ட்கோமரி-கிப்ஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த செஸ்னா 340 ரகச் சிறு விமானம், பக்கத்திலுள்ள சான்டி என்ற ஊரில் வீடுகளின் மேல் விழுந்தது. தனியாக ஓட்டிவந்த விமானியும், தரையில் டெலிவரி வேன் ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்கள். மேகம் மூடியிருந்ததால் கருவிகளைப் பார்த்தே இறங்க வேண்டிய நிலை. மேலேறச் சொல்லிக் கட்டுப்பாட்டு அதிகாரி திரும்பத் திரும்ப எச்சரித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. திசையுணர்வு குழம்பி விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. விமானியின் தவறு என்று செய்தி முடிந்துபோனது. ஆனால், அவர் கருவி பார்த்துப் பறக்க முறையாகத் தகுதி பெற்றவர். அப்படிப்பட்டவர் ஏன் தடுமாறினார் என்று கேட்டால் உட்செவிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் கால்வாய்கள், உள்ளே திரவம், குறுக்கே கூழ் போன்ற ஒரு திரை: இது பள்ளிப் பாடம். இந்த அமைப்பு ஏமாறும் விதத்தைப் பாருங்கள். ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, துளசி இலை ஒன்றை மிதக்கவிட்டு, செம்பைத் திருப்புங்கள். செம்பு திரும்பும், இலை நின்ற இடத்திலேயே நிற்கும். விளிம்புக்கும் இலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று படிக்கிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் சேர்ந்து சுற்றும். வித்தியாசம் மறையும், சேதியும் நின்றுவிடும். காதில் இதற்கு 10 முதல் 20 விநாடி போதும். அதன் பிறகு விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தாலும் நேராகப் போவதாகவே தோன்றும். இப்போது செம்பைச் சட்டென்று நிறுத்துங்கள். இலை மட்டும் ஓடும். சரியாக நிமிர்த்திய விமானத்தில் எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல் தோன்றுவது இதனால்தான். செம்பை மிக மெதுவாகத் திருப்பத் தொடங்கினால் இலை முதலிலிருந்தே கூட வந்துவிடும். திருப்பம் தொடங்கியதே தெரியாது. இன்னும் ஒரு படி போவோம். மூன்று செம்புகளை மூன்று திசையில் கட்டி, தண்ணீர் சிந்தாது என்று வைத்துக்கொண்டு, ஒன்று சுழலும்போதே மொத்தக் கட்டையும் சாய்த்தால் மூன்று இலைகளும் மூன்று விதமாக ஓடும். திருப்பத்தின் நடுவே மடியிலுள்ள வரைபடத்தைப் பார்க்கத் தலை குனிந்த விமானிக்கு நேர்வது இதுதான்.

மேகத்துக்குள் தரையிறங்க வரும் நேரம்தான் தலை குனிய வேண்டிய வேலைகள் மிகுந்த நேரம். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி, சுமார் 3 பாகை சரிவில் இறங்கிக்கொண்டே வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டும், சக்கரத்தை இறக்க வேண்டும், வரைபடத்தில் அடுத்த உயரத்தைப் படிக்க வேண்டும். அதற்குள் விமானம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய், உயரம் குறைகிறது. நேராக இருப்பதாக நம்பும் விமானி, உயரமானி இறங்குவதைக் கண்டு கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். சாய்ந்த விமானத்தில் அந்த இழுப்பு திருப்பத்தின் வட்டத்தை இறுக்குகிறது. இறக்கம் இன்னும் வேகமாகிறது. அவர் மேலும் இழுக்கிறார்.

பயிற்சி போதாதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை. 1954-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துப் பறக்கவைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். பயிற்சி இந்த நேரத்தை வெகுவாக நீட்டும். ஆனால் பயிற்சி பெற்றவரின் காதும் அதே காதுதான். உடல் சொல்வதை ஒதுக்கிக் கருவி காட்டுவதை ஏற்கும் பழக்கத்தைத்தான் அவர் சம்பாதித்திருக்கிறார். வேலை குவியும்போது முதலில் நழுவுவது அந்தப் பழக்கம்.

கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதன் சரித்திரம் சுருக்கமானது. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், மூடிய அறையிலிருந்து கருவிகளை மட்டும் பார்த்துப் புறப்பட்டு, பறந்து, இறங்கிக் காட்டினார். விமானத்தின் சாய்வைக் காட்டும், கைரோஸ்கோப்பால் இயங்கிய செயற்கை அடிவானம் என்ற கருவி அதில் முக்கியம்.

இன்றைய விளம்பரங்கள், அந்தக் கருவிகளுக்குப் பதிலாகப் பெரிய வண்ணத்திரை வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்கின்றன. அதே பாதுகாப்பு வாரியம் 2010-இல் 8,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களை ஆராய்ந்தபோது, திரை வைத்தவற்றில் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும் உயிர்ப்பலி விபத்து விகிதம் அதிகமாகவும் இருந்தது. அவை நெடுந்தூரப் பயணங்களுக்கு அதிகம் பயன்பட்டவை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தாலும், திரை உயிர் காக்கிறது என்று அந்த எண்கள் சொல்லவில்லை. எவ்வளவு அழகான திரையும் பார்க்கப்பட்டால்தான் பயன்.

காது இல்லாத ஒன்று கூட இருப்பதே உருப்படியான துணை: ஆட்டோபைலட். அதை நம்பியே இருந்தால் கை மறந்துவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குப் பதில், நல்ல வானிலையில் கையால் ஓட்டிப் பழகுவது. அமெரிக்கச் சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச்செல்லும் சிறு விமானம் மேகத்துக்குள் போவதானால் இரண்டாவது விமானியோ மூன்று அச்சுகளிலும் இயக்கவல்ல ஆட்டோபைலட்டோ இருக்க வேண்டும். சொந்த விமானத்தில் குடும்பத்தை ஏற்றிச்செல்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை.