அளவுகோலும் கலையுள்ளமும்

கலையுள்ளம் படைத்தோர்க்குக் கணிதம் வாராது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் எண்ணம். பலகாற் சொல்லப்பட்டமையால் அஃது உண்மைபோலத் தோன்றுகின்றது. ஆராயுமிடத்து அதன் வலிமை குன்றுதலைக் காண்பாம்.

முன்னர் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்கின்றாள், வயது இருபத்தைந்தைக் கடந்தவள், ஓவியத்திற் கைதேர்ந்தவள். கூத்து மேடைத் திரைச்சீலை ஒன்றில் நாலரை அடி உயரத்திற் கண்ணகியின் உருவத்தை வரைந்து தருமாறு அவளைக் கேட்டனர். அவளோ என்னிடம் வந்து, "வரைவேன், சேர், அடிமட்டத்தைக் கையில் எடுத்தாற்றான் பயம். ஏலாதென்று சொல்லிவிடட்டோ?" என்றாள். கையில் வந்த தொழிலையே கைவிடச் செய்யும் அச்சம் சிறிதன்று.

அதன் காரணத்தை ஆராய்ந்தேன். பின்னங்களைக் கற்க வேண்டிய பருவத்தில், 2008, 2009ஆம் ஆண்டுகளில், அவள் போரினால் ஊரூராக இடம்பெயர்ந்தவள். ஈற்றிற் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமை அடைந்தவள். வரலாற்றுப் பாடத்தில் ஓர் இயல் விடுபட்டாலும் அடுத்ததைப் படித்தல் கூடும். கணிதமோ ஏணி போன்றது. பின்னம் அறியாதார்க்கு விகிதம் விளங்காது. விகிதம் அறியாதார்க்கு அளவுப்படம் விளங்காது. அவளிடம் இல்லாதது ஏணியின் ஒரு படியே. அதனை அறிவின் குறையெனக் கொண்டமையே துன்பத்திற்கு வித்தாயிற்று.

அடிமட்டத்தை நோக்குவோம். அதன் ஒரு பக்கத்திற் சென்ரிமீற்றர் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. மறு பக்கத்தில் அங்குலம் இரண்டிரண்டாகப் பகுக்கப்படுகின்றது: இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. இவ்விரு முறைகளையும் ஒன்றென மயங்குவதே பலர் தடுமாறுதற்குக் காரணம். நம் முன்னோர் அரை, கால், அரைக்கால், வீசம் என்று வழங்கியவை இந்நான்கு பின்னங்களே. ஒரு கடதாசித் துண்டை நான்குமுறை சரிபாதியாக மடித்து விரித்தால் பதினாறு வீசங்களும் கண்ணெதிரே தோன்றும். அவளை அவ்வாறே மடிக்கச் செய்தேன்.

அடுத்து, சிற்பநூன் முறையைக் காட்டினேன். நவதாலம் என்னும் அளவில் உருவத்தின் உயரம் 108 பங்கு. முகநீளம் ஒரு தாலம், அஃதாவது 12 பங்கு. எனவே முகம் உயரத்தில் ஒன்பதில் ஒன்றாகும். நாலரை அடி என்பது 54 அங்குலம். ஆதலின் ஒரு பங்கு அரை அங்குலம், முகம் 6 அங்குலம். உருவம் 6 அடியாயின் முகம் 8 அங்குலமாகும். அளவு மாறினும் விகிதம் மாறாது. சிற்பியின் கற்பனைக்கு அளவு தளையாவதில்லை. கல்லில் அது நிலைபெறுதற்கு உறுதுணையாகின்றது.

அவள் சிறிது நேரம் திரைச்சீலையை நோக்கியிருந்தாள். பின்னர், தான் முன்பே கண்மதிப்பால் வரைந்திருந்த முகத்தை அளந்தாள். ஆறேகால் அங்குலம் இருந்தது. "கால் அங்குலந்தான் கூட, சேர்" என்று நகைத்தாள். அளவறியாள் எனத் தன்னை எண்ணியவளின் கண், அளவை முன்னரே அறிந்திருந்தது.

சிலர்க்கு எண்ணுணர்விலேயே இயல்பான இடர்ப்பாடு உண்டென உளவியலார் கூறுவர். அவர்க்குத் தனிப்பயிற்சி வேண்டும். ஏனையோர் முதலிற் கண்ணால் மதித்து, பின்னர் அளந்து, இரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் குறித்து வருவாராயின் அச்சம் நாளடைவில் நீங்கும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லுமுன், எந்தப் படி விடுபட்டதென வினவுவோமாக. வன்னியில் அவ்வினாவிற்கு விடை பெரும்பாலும் மாணாக்கரின் மூளையில் இல்லை. அவர்கள் நடந்துவந்த வழியில் இருக்கின்றது.